கிராஸ் பைப் எந்தப் பக்கம்

என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் தலைகீழாகத் தொங்கியிருக்கிறேன். பெல்ட் கட்டியிருந்ததால் விழவில்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் என் குரலைக் கேட்காதவர்கள் அன்று ஹனூர்ப் பக்கத்தில் யாரும் இல்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. செம்மண் பாதையில் நடந்த ஒரு சின்ன உள்ளூர் கார் ரேலி. ஓட்டியவன் ஹனூர்க்காரன், டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறைக்காரன். மைசூர் ஹெப்பாளில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குத் தள்ளுவண்டி செய்துகொடுக்க வந்தபோது பழக்கமானவன். ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, உள்ளேயிருந்த எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒன்றரை அங்குலக் குழாய்களை வளைத்து வெல்டு வைத்து ஒரு கூண்டு செய்து பொருத்தியிருந்தான். ரோல் கேஜ் என்பார்கள். கார் உருண்டால் கூரை நசுங்கி ஆட்களின் தலையில் இறங்கிவிடாமல் அந்தக் கூண்டு தாங்கும். போட்டி நடத்தியவர் குழாயை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, முலாம்பழம் வாங்குகிறவர் போலத் தலையசைத்து ஸ்டிக்கர் ஒட்டினார்.

நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாதைக் குறிப்புகளைப் படிக்கும் நேவிகேட்டர். அதற்கு எனக்கு இருந்த தகுதி, சத்தமாகப் படிப்பேன் என்பது மட்டும்தான். காலையில் சாப்பிட்ட ஒப்பட்டுப் போளியின் நெய் விரலிலேயே இருந்திருக்கிறது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டது. “நேரே, நூற்றைம்பது மீட்டர்” என்று கம்பீரமாகப் படித்தேன். பாதைக்கு அந்த எண்ணம் இல்லை. அது இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. நாங்கள் நேரே போனோம், வலப்பக்கமாகச் சரிந்து, ஒன்றரை உருண்டு, ஒரு கேழ்வரகு வயலில் கூரை கீழே இருக்கும்படி நின்றோம். அந்த நிலையிலும் நான் அடுத்த தாளைப் படித்தேனாம். “வலது, மெதுவாக.” இதைக் கேட்டதாக வயல்காரர் சொல்கிறார். எனக்கு நினைவில் இருப்பது என் வலது கை மட்டும்தான். என் காதுக்குப் பின்னால் சாய்வாக இறங்கிய ஒரு குழாயை அது பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடியை விடுவிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

இதை நான் இதுவரை எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நெய், தாள், கேழ்வரகு என்று வரிசையாகச் சொல்வேன். கேட்பவர்களுக்குப் புரையேறும். உயிர் பிழைத்ததில் எனக்குக் கிடைத்த நிகர லாபம் ஒரு நல்ல கதை.

அவனுக்குக் கிடைத்தது கழுத்துப் பிடிப்பு. அன்றிலிருந்து தலை வலப்பக்கம் திரும்பாது. வலதில் யாராவது கூப்பிட்டால் இடுப்பிலிருந்து மொத்தமாகத் திரும்புவான், டிரெய்லர் மாட்டிய டிராக்டர் மாதிரி. அதனால் டீக்கடையில் நான் வேண்டுமென்றே அவனுக்கு வலப்பக்கமாகவே உட்காருவேன். பேச்சு நடுவே “அங்க பாரு” என்று எதையாவது காட்டுவேன். அவன் டீ சிந்தாமல் மொத்தமாகத் திரும்புவான். இருபது வருடமாக எனக்கு இது அலுக்கவில்லை.

இந்த வருடம் ஒரு நாள் அதே டீக்கடையில், அதே மாதிரி வலப்பக்கம் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்.

“மாப்ளே, பட்டறைய ஹெப்பாளுக்கே கொண்டாந்தாச்சு. இனி டிரெய்லரு வேலை இல்ல. கூண்டு மட்டுந்தான். ஜீப்புக்கு, ரேலி வண்டிக்கு.”

“ஆளு வருவாங்களா?”

“வர்றவங்களுக்கு என்ற வேலையக் காட்டோணுமில்ல. மொதமொத கூண்டு போட்ட வண்டி எப்பவோ எடைக்குப் போயிருச்சு. நீதான் பொம்மைக் காரு பண்றியே, அதுல ஒண்ணு பண்ணிக் குடு. முன்னால மேசை மேல வெக்கறேன்.”

“பொம்மை இல்லடா. ஸ்கேல் மாடல்.”

“செரி. அந்த பொம்மைய ஸ்கேல்ல பண்ணிக் குடு.”

அளவுகள் கேட்டேன். குழாய் ஒன்றரை அங்குலம் என்றான். மற்றதெல்லாம்?

“நீதான் உள்ளுக்குள்ள உக்காந்திருந்தியே. உனக்குத் தெரியாதா?”

தெரியும் என்றேன். நான் இந்த ஜென்மத்தில் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சுருக்கமானது.

தொழிற்சாலையில் என் வேலை, மற்றவர்கள் செய்த பாகங்களை அளந்து பார்த்துத் தப்பு சொல்வது. பகல் முழுக்க அப்படிப் பாவம் சேர்த்துவிட்டு, அதற்குப் பிராயச்சித்தமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக் கார் மாடல் செய்கிறேன். நிஜத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. கார் உடம்பைப் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வாங்கிவிடலாம். இந்த வண்டிக்கும் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி கிடைத்தது. கூண்டுதான் பெட்டியில் வராது. அதை ஒவ்வொரு குழாயாக நாமே செய்ய வேண்டும். ஒன்றரை அங்குலத்தை இருபத்துநான்கால் வகுத்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதே தடிமனில் பதினாறாம் நம்பர் செம்புக் கம்பி இருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் ஒரு சுருள் கொடுத்தார், எந்த மோட்டாருக்கு என்று கேட்டுக்கொண்டே. ஓடாத காருக்கு என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சுருளில் இருந்த கம்பியை நேராக்க, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி மறுமுனையைக் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். கம்பி ஒரு கட்டத்தில் லேசாக நீளும். அப்போது நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. கம்பி அறுந்து, ஹாலின் நடுவில் உட்கார்ந்தேன்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைத் திட்டும்போது கன்னடத்து ‘ரீ’ தானாக வந்துவிடும்.

“ஏன்ரீ, கார் வாசல்ல நிக்கறது. இங்க எப்படி ஆக்சிடென்ட் ஆச்சு?”

பலகையில் ஆணி அடித்து அதைச் சுற்றி வளைத்தேன். ஒரு குழாய் இன்னொன்றின் மேல் சரியாக உட்கார, அதன் முனையை ஊசி அரத்தால் மீன்வாய் போல அரைவட்டமாகத் தேய்த்தேன். பிறகு ஈயம் வைத்துப் பற்றவைப்பது. இதில் ஒரு கெட்ட குணம் உண்டு. மூன்றாவது இணைப்பைச் சூடாக்கினால் முதல் இரண்டும் இளகிக் கழன்று விழும். அதனால் முடிந்த இணைப்புகள் மேல் ஈரப் பஞ்சு சுற்றிவைக்க வேண்டும். ஒரு சமயம் அந்தக் கூண்டைப் பார்த்தால் விபத்திலிருந்து காப்பாற்றும் சாதனம் போலவே இல்லை. விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பது போல் இருந்தது.

இருந்தும் ஐந்து ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவில், ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குச் சாய்வாக ஒரு குழாய் போகும். பட்டறையில் கிராஸ் பைப் என்பார்கள். அது எந்த மூலையிலிருந்து இறங்கியது என்பதற்கு என்னிடம் படம் இல்லை. இருந்த இரண்டு படங்களில் ஒன்று மாலையும் எலுமிச்சையுமாக வண்டியின் முகம். இன்னொன்று வண்டியின் நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. என் கை பிடித்த இடத்தை யோசித்தேன். என் காதுக்குப் பின்னால், அதாவது நேவிகேட்டர் தலைப் பக்கத்து மூலையிலிருந்து இறங்கும்படி வைத்தேன். கூண்டைத் தரையில் ஒட்டி, உடம்பை மேலே மூடி, பெயின்ட் அடித்துக் கண்ணாடியும் பொருத்தியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை பட்டறைப் பூஜை. புதன் மாலை படம் எடுத்து எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன்.

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடல் செய்யும் பதினொரு பேர். நிஜ வண்டியில் அறுபதைத் தாண்டாதவர்கள். மனைவி பின்னால் இருந்தால் நாற்பது. ஆனால் சக்கரத்தில் ஐந்து போல்ட்டுக்குப் பதில் நான்கு இருந்தால் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது. தலைவர் ஒரு பல் டாக்டர். தேய்ந்த பல் கருவிகளை எங்களுக்குக் கொடுப்பார் என்பதால் தலைவர். எல்லாரையும் மைசூர் வழக்கப்படி ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை.

அவருடைய குரல் செய்தி வந்தது. “குரு, சூப்பர் வேலை. ஒரு சின்ன டவுட்டு.”

எங்கள் குழுவில் சின்ன டவுட்டு என்றால், வீடு தீப்பற்றி எரிகிறது, அவசரமில்லை, நிதானமாக வந்து பாருங்கள் என்று அர்த்தம்.

“கிராஸ் பைப்போட மேல் முனை டிரைவர் தலைப் பக்கம் இருக்கணும், இல்லையா? கூரை எறங்காம தாங்கறதே அந்த மூலைதான். நம்ம ஊர்ல டிரைவர் வலது பக்கம். உன் வண்டியில இடது பக்கம் போயிருக்கே. நேவிகேட்டர காப்பாத்தி என்ன குரு பிரயோஜனம்?”

கூடவே விதிப் புத்தகத்தின் பக்கம், சிவப்பு வட்டம் போட்டு. எட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒருவர் மட்டும் ‘ஓம் சாந்தி’ போட்டார்.

நண்பன் மேசைக்கு முன்னால் வந்து உட்காரப் போகிறவர்கள் ரேலி ஓட்டுகிறவர்கள். மேசை மேல் இருக்கும் கூண்டே தப்பு என்றால், பின்னால் நிற்கும் நிஜக் கூண்டுக்குள் எவன் தலையைக் கொடுப்பான்? ஹனூரிலிருந்து பட்டறையைத் தூக்கிக்கொண்டு வந்தவனை முதல் நாளே கேலிப்பொருள் ஆக்கிவிடுவேன். ஒருமுறை ஆக்கியது போதாதா?

ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். போட்டால், உள்ளே இருந்தாயே என்பான். அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். கண்ணைத் திறந்துகொண்டுதான் கத்தினேன் என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன். மனிதனுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?

ஆக, ஒரு பக்கம் அச்சடித்த விதி. இன்னொரு பக்கம் பயந்துபோன ஒருவனின் வலது கை. விதியை நம்பினேன்.

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று தொழிற்சாலைக்கு லீவு சொன்னேன். சொன்ன பத்தாம் நிமிடம் நிஜமாகவே வலித்தது. மாடலின் பின் கண்ணாடியை நெம்பி எடுத்து, அந்தத் தீப்பெட்டி அளவு ஓட்டை வழியாக நிப்பரை விட்டுக் கிராஸ் பைப்பை வெட்டினேன். அது உள்ளே விழுந்து இருக்கைக்கு அடியில் போய்விட்டது. உண்டியலில் காசு எடுப்பது போல் காரைக் கவிழ்த்துக் குலுக்கினேன். இந்த வண்டிக்கு இது இரண்டாவது கவிழ்ப்பு; இரண்டுக்கும் நானே காரணம்.

புதிய குழாயை மறுபக்கமாக வைக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் ஈயம் வைத்தால் எல்லாம் உருகும். அதனால் உடனடியாக ஒட்டும் பசை. வைத்தேன். குழாய் ஒட்டியது. அதோடு என் ஆள்காட்டி விரலும் கூரையின் உட்புறத்தில் ஒட்டியது. கார் கையில் தொங்க, ஹாலில் மூன்று சுற்று சுற்றினேன்.

மனைவி நெயில் பாலிஷ் அழிக்கும் பாட்டிலோடு வந்தாள்.

“அது வேண்டாம். அது பட்டா பிளாஸ்டிக் கரைஞ்சிடும்.”

“உங்க விரல் முக்கியமா, இது முக்கியமா?”

நான் யோசித்தேன். யோசித்த நேரம் கொஞ்சம் அதிகம் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. வெந்நீர் கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக விட்டு விரலைக் கழற்றினாள். தோல் கொஞ்சம் கூரையிலேயே தங்கிவிட்டது. இன்றும் இருக்கிறது, தேடினால் தெரியும்.

பசையின் ஆவி மூடிய இடத்தில் படிந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். டிரைவர் பக்கத்து ஜன்னல் முழுக்க அப்படிப் பூத்திருந்தது.

“கண்ணாடிக்கு வேற சளி புடிச்சிருக்கு,” என்றாள்.

அந்த ஜன்னலைப் பிடுங்கிவிட்டேன். யாராவது கேட்டால் டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். காற்றுக்காக.

வெள்ளிக்கிழமை காலை மாடலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். பட்டறை வாசலில் புதிய கூண்டு போட்ட ஒரு ஜீப், நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சை. அர்ச்சகர் மணியடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கேசரிபாத்தும் உப்பிட்டும் வாழையிலைத் துண்டில் பரிமாறினார்கள். ரேலிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பல் டாக்டரும் வந்திருந்தார், நான் திருத்திவிட்டேனா என்று பார்க்க.

மேசை மேல் வைத்துத் துணியை எடுத்தேன். “அரே வா” என்று ஒரு குரல். டாக்டர் பின் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்து, என் தோளைத் தட்டினார். “இப்ப கரெக்ட் குரு.”

நண்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முன்னால் பார்த்தான். கதவுப் பக்கம் பார்த்தான். பின்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தான். நான் அவன் முகத்தில் கண்ணீரை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

“மாப்ளே, சித்த வா,” என்று என்னை ஜீப்புக்கு அந்தப் பக்கமாக அழைத்துப் போனான். “கிராஸ் பைப்பு இப்பிடி இல்லியே.”

“விதிப்படி டிரைவர் தலைப் பக்கம்தானே...”

“விதிப்படி அதுதான் செரி. என்ற வண்டியில அது இல்ல.”

நான் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே விதிப்படிதான் இருந்தது.

“ஒரு வெளிநாட்டுப் புஸ்தகத்துல படம் பாத்துத்தான் கூண்டு போட்டேன். அந்த ஊர்ல ஓட்டறவன் இடது பக்கம் உக்காருவான். எனக்கு அது தோணவே இல்ல. படத்துல எந்த மூலையோ அதே மூலையில வெச்சுட்டேன். அந்த மூலைக்குக் கீழ நீ உக்காந்திருந்தே.”

“அப்ப கூரை?”

“உன்ற பக்கம் ஒரு நெளிவு கெடையாது. என்ற பக்கம் மூணு விரக்கடை எறங்கிருச்சு.” ஏதோ தகரத்தின் அளவு சொல்வது போலச் சொன்னான். கை மட்டும் பின்கழுத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“வண்டிய நிமுத்தி வெச்ச அன்னிக்கே.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உன்ட்டயா? மைசூரு பூரா பந்தி பந்தியாப் பரிமாறியிருப்பே.” கை துடைத்த துணியைத் தோளில் போட்டான். “நீ ரெண்டு தாளு பொரட்டுனத ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சே, செரி. உனக்கு அது தொழில் இல்ல. எனக்குக் கூண்டு தொழில்.”

என் வலது கை தப்பே செய்யவில்லை. தலைகீழாகத் தொங்கியபோது உடம்பில் ஒழுங்காக வேலை பார்த்த ஒரே உறுப்பு அதுதான். அதன் சாட்சியத்தைத்தான் நேற்று நிப்பரால் வெட்டிப் போட்டேன். அதை விடவும், இருபது வருடம் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து “அங்க பாரு” என்று காட்டிய ஒவ்வொரு டீயும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பந்தியில் அதையும் கூடுதலாக நடித்துக் காட்டியிருக்கிறேன்.

பயத்தில் எனக்குத் தாராள குணம் வந்துவிடும். “விடுறா, இப்படியே இருக்கட்டும். பாக்கறவங்களுக்குச் சரியாத்தானே இருக்கு. நல்லதாப் போச்சு,” என்றேன்.

“மாத்து.”

“என்னது?”

“பழையபடி மாத்து. இருந்தது எதோ அத வெய்யி.”

“கஸ்டமர் பாத்தா கேப்பாங்கடா.”

“கேக்கட்டும். கேக்கறவனுக்குத்தான் கூண்டு தெரியும். அவங்கிட்ட சொல்றேன். பொறவு இந்த ஜீப்புக்குள்ள தலைய விட்டு, இப்ப எப்பிடிப் போடறேன்னு பாத்துக்கட்டும்.”

பூஜை நாளில், கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில், நான் இரண்டாவது முறையாக அந்தக் காரைத் திறந்தேன். பட்டறையில் இருந்த மிகச் சின்ன வெட்டும் கருவி என் முழங்கை நீளம். கடைசியில் பல் டாக்டரின் சட்டைப் பையிலிருந்துதான் கருவி கிடைத்தது. நண்பன் தன் தடித்த விரல்களால் காரை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் குனிந்தார். “குரு, மறுபடி தப்பாக்கறயே. புத்தகத்துல தெளிவா...”

“டாக்டரே,” என்றான் நண்பன், “அந்தப் பக்கம் என்ன இருக்குது பாருங்க,” என்று வலப்பக்கம் கை காட்டிவிட்டு, தானும் இடுப்பிலிருந்து மொத்தமாகத் திரும்பினான். “இவ்வளவுதான் திரும்பும். இந்தப் பைப்பு அந்தப் பக்கம் இருந்ததுனால.”

டாக்டர் சிவப்பு வட்டம் போட ஒன்றும் கிடைக்காமல் நின்றார். பின்னால் இருந்த ரேலிக்காரர்களில் ஒருவர் மாடலைப் பார்த்தார், பிறகு ஜீப்புக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார், பிறகு வெளியே வந்து தன் வண்டியை எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டார். மற்றவர்கள் உப்பிட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் வருவார்களா மாட்டார்களா, எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

மாடல் இப்போது அந்த மேசை மேல்தான் இருக்கிறது. ஒரு ஜன்னல் இல்லாமல், கூரையில் என் தோலோடு, கிராஸ் பைப் தப்பான பக்கத்தில்.

அடுத்த வாரம் டீக்கடைக்குப் போனபோது நான் சுற்றிப் போய் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். அவன் கழுத்தை மட்டும் சுலபமாக என் பக்கம் திருப்பினான்.

“என்ன மாப்ளே, எடம் மாறிட்டே?”

“நேவிகேட்டர் எடம் இதுதானே.”

அவன் டீயை ஒரு வாய் குடித்தான். “கையக் கழுவிட்டு வந்தியா?” என்றான்.